ஆட்-ஆன் தகராறு: மெயில் அனுப்பும் முன் பாதியைத் தூக்கிப் பாருங்கள்

கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்கும் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் திறக்கும்போதே மூடிக்கொள்கிறதா? கடைசியாக வாங்கிய ஆட்-ஆன் (சிமுலேட்டரில் தனியாகச் சேர்க்கும் விமானம், விமான நிலையம் போன்றவை) மீது பழி போட்டு, அதைச் செய்தவருக்குக் கோபமாக மெயில் எழுதத்தான் கை போகும். நானும் எழுதியிருக்கிறேன். கடைசியில் பார்த்தால், எப்போதோ இலவசமாக இறக்கிப் போட்டு மறந்துபோன ஒரு விமான நிலையம்தான் குற்றவாளி.

கம்யூனிட்டி என்ற ஃபோல்டரில்தான் நாம் தனியாகச் சேர்த்த ஆட்-ஆன்கள் இருக்கும். அதன் பெயரை மாற்றிவிட்டு, அதே இடத்தில் கம்யூனிட்டி என்ற பெயரில் காலி ஃபோல்டர் ஒன்றை வைத்துத் திறந்து பாருங்கள். அப்போதும் மூடிக்கொண்டால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. ஒழுங்காக ஓடினால் பழையவற்றில் பாதியை மட்டும் திரும்பப் போடுங்கள். மறுபடி தகராறு வந்தால் அந்தப் பாதிக்குள் தேடுங்கள். வராவிட்டால் மற்ற பாதிக்குள். 40 ஆட்-ஆன் இருந்தாலும் ஆறு முறைக்குள் ஆள் சிக்கிவிடும். சில சமயம் இரண்டு ஆட்-ஆன்கள் சேர்ந்தால் மட்டும் மோதும், அதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

எக்ஸ்-பிளேன் என்ற இன்னொரு சிமுலேட்டரை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: ஓடும்போது நடந்ததையெல்லாம் அது குறித்துவைக்கும் லாக் ஃபைலை உடனே வேறு இடத்தில் நகலெடுத்து வையுங்கள். அடுத்த முறை திறந்ததும் பழையது அழிந்து புதிது எழுதப்படும்.

அப்புறம் மெயில். சிமுலேட்டர் பதிப்பு, ஆட்-ஆன் பதிப்பு, எந்த விமான நிலையத்தில் எதை அழுத்தியபோது நடந்தது, மற்றதையெல்லாம் எடுத்த பிறகும் நடக்கிறதா: இவ்வளவு எழுதினால் போதும். "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால், இதே கேள்விகள்தான் பதிலாக வரும்.