பில்தாத் சொன்ன வாக்குத்தத்தம்: வேதம் வாசிக்கத் தொடங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் சபையில் இந்த வருடம் வாலிபர்கள் சிலர் தெரு ஜெபக்குழுக்களைப் பொறுப்பெடுத்திருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள். நேரத்துக்கு வருகிறார்கள், கிடார் வாசிக்கிறார்கள், எந்த வசனம் கேட்டாலும் போனில் சட்டென்று எடுத்துவிடுகிறார்கள். ஆனால் பின்வரிசையில் உட்கார்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்டால், எங்கள் காலத்தில் நாங்கள் என்னென்ன சொதப்பினோமோ அத்தனையும் அச்சு மாறாமல் திரும்ப வருகிறது. அதற்காகத்தான் இது.

காலையில் எழுந்ததும் போனை எடுக்காதே, ஆராதனைக்குத் தாமதமாக வராதே, வேதத்தைத் தூசி படிய விடாதே என்பதெல்லாம் ஓய்வுநாள் பள்ளியிலேயே கேட்டிருப்பீர்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஜனவரியில் ஆதியாகமம், பிப்ரவரியில் நிறுத்தம்

வேதாகமத்தில் மொத்தம் 1,189 அதிகாரங்கள். வாரநாளில் 3, ஞாயிற்றுக்கிழமை 5 என்று வாசித்தால் ஒரு வருடத்தில் முடிந்துவிடும். பழைய கணக்கு, சரியான கணக்கும்கூட. சிக்கல் எங்கே என்றால், யோசேப்பு கதை வரைக்கும் ஓட்டமாக ஓடுகிறவர்கள் யாத்திராகமம் 26இல் ஆசரிப்புக் கூடாரத்தின் பலகைகளும் கொக்கிகளும் வந்ததும் நடக்க ஆரம்பிப்பார்கள். லேவியராகமத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். அப்புறம் விட்ட நாட்களுக்கு ஈடுகட்ட ஒரே ராத்திரியில் பத்துப் பன்னிரண்டு அதிகாரம் தள்ளுவது. கண் ஓடும், ஒன்றும் உள்ளே போகாது.

விட்ட நாளை விட்டுவிடுங்கள், அதற்கு வட்டி கட்ட வேண்டாம். புதிதாக வாசிக்கிறவர் மாற்குவில் தொடங்கட்டும். பதினாறே அதிகாரம், கதை வேகமாக நகரும். கூடவே தினம் ஒரு சங்கீதம். பழகியபின் ஆதியாகமத்துக்குப் போகலாம். அதற்காக லேவியராகமத்தை ஒரேயடியாகத் தாண்டிவிடவும் கூடாது. “உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக” என்ற வார்த்தை முதலில் வருவது அங்கேதான், 19:18இல். வயலின் ஓரத்தைத் தீர அறுக்காமல் ஏழைக்கு விட்டுவை என்பதும் அதே அதிகாரம்தான்.

ஜெபத்துக்குள் பிள்ளைகளைத் திட்டுவது

“ஆண்டவரே, கணக்கில் நாற்பத்திரண்டு மார்க் வாங்கியிருக்கிற இந்தப் பிள்ளைக்குப் புத்தியைக் கொடும், அந்தப் பாழாய்ப்போன செல்போனிலிருந்து இவனுக்கு விடுதலை தாரும்...” குடும்ப ஜெபத்தில் இது நடக்காத வீடு குறைவு. பையன் கண்ணை மூடிக்கொண்டு மண்டியிட்டிருக்கிறான், பதில் பேச முடியாது. கடைசியில் ஆமென் சொல்லும்போது அவன் குரல் மட்டும் கேட்காது. திட்டுவதானால் ஜெபத்துக்கு முன்போ பின்போ நேராகவே திட்டிவிடுங்கள்.

நீண்ட ஜெபம்

கர்த்தர் கற்றுக்கொடுத்த ஜெபம் மத்தேயுவில் ஐந்தே வசனம்.

வாக்குத்தத்த அட்டையில் குறி பார்ப்பது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இன்றைக்கும் நினைத்தால் எனக்குக் கோபம் வருகிற விஷயம்.

டிசம்பர் 31 இரவு ஆராதனை. பன்னிரண்டு மணி தாண்டியதும் ஸ்தோத்திரம், வாழ்த்து, கேக். அப்புறம் துணி விரித்த ஒரு தட்டில், வருடத்துக்கான வாக்குத்தத்தம் என்று ஆளுக்கொரு வசனம் அச்சடித்த சின்னச் சின்ன அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். வரிசையில் போய் ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். எடுத்ததும் டியூப்லைட் வெளிச்சத்துக்குப் பிடித்து வாசித்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் “உனக்கு என்ன வந்துச்சு?” என்று ஒரு கேள்வி. பிடிக்காத வசனம் வந்தால் நைசாகத் திரும்பப் போட்டுவிட்டு வேறொன்றை எடுக்கிறவர்களும் உண்டு. கிளி ஜோசியத்தில்கூட கிளி எடுத்த சீட்டை மாற்றச் சொல்லி யாரும் கேட்பதில்லை.

அட்டை எடுப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. வசனத்தைக் குலுக்கி எடுக்கும் வழக்கம் பழையதுதான். ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட்டில் இருக்கும் மொரேவிய சபையார் 1731 முதல் ஒவ்வொரு வருடமும் அப்படி எடுத்த வசனங்களைப் புத்தகமாக அச்சிட்டு வருகிறார்கள். ஆனால் அங்கே ஒரு நாளைக்கு ஒரே வசனம், அதை எல்லாரும் சேர்ந்து வாசிக்கிறார்கள். பழைய ஏற்பாட்டு வசனம் குலுக்கலில் வரும், அதற்குப் பொருந்துகிற புதிய ஏற்பாட்டு வசனத்தைத் தேடிப் பார்த்துச் சேர்ப்பார்கள். எனக்கு இந்த வருடம் என்ன நடக்கும் என்று அதில் யாரும் பார்ப்பதில்லை. நம் தட்டில் அதைத்தான் பார்க்கிறோம்.

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா. சர்க்கரை வியாதி உண்டு. ஒரு வருடம் அவருக்குச் சங்கீதம் 91:10 வந்தது: “பொல்லாப்பு உனக்கு நேரிடாது, வாதை உன் கூடாரத்தை அணுகாது.” அட்டையை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தார். வெயில் காலத்தில் செருப்பு கடித்த இடம் புண்ணாகிவிட்டது. அப்போது ஜெபக்குழு நடத்திக்கொண்டிருந்தவர் வந்து எண்ணெய் பூசி ஜெபித்தார். சரி, யாக்கோபு 5:14 அப்படித்தான் சொல்கிறது. ஆனால் வாசல்படி இறங்கும்போது, “வாதை அணுகாதுன்னு வாக்குத்தத்தம் கையில இருக்கும்போது ஆஸ்பத்திரிக்கு ஓடுறது அவிசுவாசம்மா” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். பெரியம்மா மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிட்டார். வாடை வர ஆரம்பித்த பிறகு மகன் சென்னையிலிருந்து வந்து தூக்கிக்கொண்டு போனான். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை. அதே ஆள் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது மனசுல இருக்கா, யோசிச்சுப் பாருங்கம்மா” என்றார். வசனம் பொய்யாகாது, அப்படியானால் குற்றம் பெரியம்மா மேல்தான் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. பெரியம்மா நிஜமாகவே யோசிக்க ஆரம்பித்துவிட்டார். கட்டுப்போட்ட காலோடு, என்றைக்கோ மாமியாரை எதிர்த்துப் பேசியதையெல்லாம் நினைவுக்குக் கொண்டுவந்து அழுதார்.

இப்போது அந்தச் சங்கீதத்தையே எடுங்கள். நம் பெரியம்மாவுக்கு வந்த வசனத்துக்கு அடுத்த இரண்டு வசனங்களை வேதத்திலேயே ஒருவன் தனியாகப் பிய்த்தெடுத்துக் காட்டுகிறான். மத்தேயு 4இல் வரும் சோதனைக்காரன், அதாவது பிசாசு. தேவாலயத்து உப்பரிகையின்மேல் இயேசுவை நிறுத்தி, தாழக் குதியும், தூதர்கள் ஏந்திக்கொள்வார்கள், எழுதியிருக்கிறதே என்கிறான். வசனத்தில் பிழை ஒன்றும் இல்லை. இயேசு அதற்குச் சொன்ன பதில், “உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக.” மாத்திரையை நிறுத்திப் பார்ப்பதும் குதித்துப் பார்ப்பதுதான்.

வியாதியில் சாகக் கிடந்த எசேக்கியா ராஜாவுக்கு வந்தது அட்டையில் வந்த வசனம்கூட இல்லை. ஏசாயா நேரில் வந்து, உன் நாட்களோடே பதினைந்து வருஷம் கூட்டப்படும் என்று சொல்கிறார். அதைவிட உறுதியான வாக்குத்தத்தம் யாருக்குக் கிடைக்கும்? அதைச் சொன்ன அதே ஏசாயா, அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போடச் சொல்கிறார் (ஏசாயா 38:21). வாக்குத்தத்தமும் மருந்தும் ஒரே வாயிலிருந்து ஒரே அதிகாரத்தில் வருகின்றன. புண்ணோடு இருக்கிறவர் வீட்டுக்கு ஜெபிக்கப் போகிறவர்கள் இந்த அதிகாரத்தை முதலில் வாசித்துவிட்டுப் போங்கள்.

அட்டைக் கட்டில் தவறாமல் இருக்கும் இன்னொரு வசனம்: “உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்.” யோபு 8:7. கடைத் திறப்பு, வீடு பிரதிஷ்டை, கல்யாணப் பத்திரிகை என்று எங்கு பார்த்தாலும் இருக்கும். சொன்னது யார்? கடவுளுமில்லை, தீர்க்கதரிசியுமில்லை. சூகியனான பில்தாத். பத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டுச் சாம்பலில் உட்கார்ந்திருக்கிற யோபைப் பார்த்து, உம்முடைய பிள்ளைகள் பாவம் செய்ததால் போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்று நாலாம் வசனத்தில் குத்திவிட்டு, நீர் சுத்தமாயிருந்தால் முடிவு சம்பூரணமாயிருக்கும் என்று ஏழாம் வசனத்தில் ஆறுதல் சொல்கிறான். கடைசி அதிகாரத்தில் இவனையும் இவன் கூட்டாளிகளையும் பற்றித்தான் கர்த்தர், நீங்கள் யோபைப்போல் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கோபப்படுகிறார். யோபின் பின்னிலைமை ஆசீர்வதிக்கப்பட்டது உண்மைதான். ஆனால் பில்தாத் சொன்ன காரணத்தால் இல்லை. ஆஸ்பத்திரி ஸ்டூலில் உட்கார்ந்து பேசிய மனுஷனை எனக்குப் பில்தாத்தாகத்தான் பார்க்கத் தோன்றியது.

அட்டை அச்சடிக்கிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். வசன எண்ணுக்குப் பக்கத்தில் பேசுகிறவர் பெயரையும் போட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு அந்த வசனத்தைக் கடைத் திறப்புக்கு யார் கொடுப்பார்கள் பார்க்கலாம்.

உபாகமம் 28:13, “கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்.” அதிலும் இதே கதை. அந்த அதிகாரத்தில் ஆசீர்வாதம் 14 வசனம், சாபம் 54 வசனம். கற்பனைகளைக் கைக்கொண்டால் தலை, கைவிட்டால் 44ஆம் வசனப்படி அந்நியன் தலை, நீ வால். பதின்மூன்றைத் தருகிற அட்டைக் கட்டில் நாற்பத்துநாலை நான் பார்த்ததே இல்லை.

சரி, அட்டை கையில் வந்துவிட்டது, என்ன செய்வது? வீட்டுக்குப் போய் முழு அதிகாரத்தையும் வாசியுங்கள். வசன எண்கள் பிற்காலத்தில் வந்தவை. புதிய ஏற்பாட்டுக்கு இன்று நாம் பயன்படுத்தும் எண்களை அச்சகர் ராபர்ட் எத்தியென் போட்டது 1551இல். எழுதினவர்கள் தனி வரியாக எழுதவில்லை, கடிதமாகவும் பாட்டாகவும் சரித்திரமாகவும் எழுதினார்கள். பிறகு மூன்று கேள்வி: யார் சொன்னது, யாருக்கு, எந்த நிலைமையில்?

எரேமியா 29:11ஐ எடுத்துப் பாருங்கள். “நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு...” என்று தொடங்குவது. விசா கிடைக்குமா, மகளுக்கு வரன் அமையுமா என்று காத்திருப்பவர்களுக்கு இது வந்தால் முகமே மலர்ந்துவிடும். அதிகாரத்தை வாசித்தால், அது எருசலேமிலிருந்து பாபிலோனுக்குப் போன ஒரு கடிதம். கி.மு. 597இல் எகொனியா ராஜாவோடு சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதியது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்கிற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று கூட்டத்தின் கைதட்டலுக்குப் பேசினான். அந்த வருஷமே செத்தும் போனான். எரேமியா சொன்னது எழுபது வருஷம். அதாவது, கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்கள் பலர் ஊர் திரும்பப் போவதில்லை. அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், உங்களைப் பிடித்துக்கொண்டு போனவனுடைய பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள் என்கிறது கடிதம். இதைத் தெரிந்துகொண்டு வாசித்தால் பதினோராம் வசனம் சின்னதாகிவிடாது. விசா வராத வருடத்திலும் நிற்கும்.

பரீட்சைக்கு பிலிப்பியர் 4:13

“எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு” என்பதை ஹால் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டு போகிறார்கள். பவுல் அதை எழுதியது காவலில் இருந்துகொண்டு. முந்தின வசனத்தில், தாழ்ந்திருக்கவும் தெரியும், வாழ்ந்திருக்கவும் தெரியும் என்கிறார். பட்டினியும் அந்தப் பட்டியலில் உண்டு. பெயிலான பிள்ளைக்குத்தான் இந்த வசனம் அதிகம் தேவைப்படும், ரிசல்ட் வந்த அன்றைக்குப் போய்ச் சொல்லுங்கள்.

உபவாசம்

வீட்டு வேலைக்கு வருகிற அக்காவின் சம்பளத்தைப் பாக்கி வைத்துவிட்டு லெந்து நாட்களில் வயிற்றைக் காயப்போடாதீர்கள். ஏசாயா 58, லேவியராகமம் 19:13 இரண்டையும் வாசித்துப் பாருங்கள், இதைத்தான் கேட்கின்றன.

வரப்பு கேஸ் கோர்ட்டில், காணிக்கை தட்டில்

அண்ணனும் தம்பியும் ஒரே ஆலயத்தில், நடுவில் நாலு பெஞ்ச் விட்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்பா விட்டுப்போன நிலத்தில் அரை சென்ட் தகராறு, முன்சீப் கோர்ட்டில் வாய்தா மேல் வாய்தா. ஸ்தோத்திரப் பண்டிகையில் ஏலம் எடுப்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் போட்டி. ஒரு பூசணிக்காய் அன்றைக்கு எங்கேயோ போய் நிற்கும்.

மத்தேயு 5:23, 24 இவர்களுக்கு மனப்பாடம். காணிக்கையைப் பலிபீடத்தின்முன் வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடே ஒப்புரவாகு என்பது. ஆனால் அதில் ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். அவன் மேல் உனக்குக் குறை இருந்தால் என்று அங்கே இல்லை. உன்பேரில் அவனுக்குக் குறை இருப்பது நினைவுக்கு வந்தால் என்று இருக்கிறது. “நான் மன்னிச்சிட்டேன், அவன்தான் பேச மாட்டேங்கிறான்” என்று சொல்லித் தப்பிக்க அது இடம் கொடுக்காது.

குழு நடத்தும் தம்பி, தங்கைகள் இந்த வசனத்தைக் கூட்டத்தில் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாசித்துவிடாதீர்கள். ஒருத்தர் மறுவாரம் வர மாட்டார், இன்னொருத்தர் ஜெயித்த மாதிரி வந்து உட்காருவார். தனித்தனியாக வீட்டுக்குப் போங்கள். நிலத்தைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம், அதற்கு வக்கீல் இருக்கிறார். அண்ணன் வீட்டில் காப்பி குடித்தால் அன்றைக்கே தம்பி வீட்டிலும் குடித்துவிட வேண்டும்.