டிக்கி விளக்கு: அதே 5 வாட்டில் மூலைமுடுக்கெல்லாம் வெளிச்சம்

ராத்திரி ஊருக்குக் கிளம்பும்போது டிக்கியில் இரண்டு பெட்டியை ஏற்றிவிட்டால் போதும், கம்பெனி விளக்கு பெட்டிக்குப் பின்னால் மறைந்துவிடும். பெரும்பாலான சின்ன கார்களில் பக்கச் சுவரில் 5 வாட் பல்பு ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதே ஹோல்டரில் பளிச்சென்ற எல்இடி பல்பைப் போட்டாலும், பெட்டி மறைத்தால் மறைத்ததுதான். வெளிச்சம் டிக்கியின் வாய்ப்பக்கத்திலிருந்து, சாமான்களுக்கு முன்னாலிருந்து, உள்நோக்கி விழவேண்டும். அதற்குத்தான் எல்இடி ஸ்ட்ரிப், அதாவது சின்ன எல்இடிகளை வரிசையாகப் பதித்த நாடா.

டிக்கியில் சிஎன்ஜி சிலிண்டர் இருந்தால் இந்த வேலையைச் சொந்தமாகச் செய்யாதீர்கள். தளர்ந்த ஒரு இணைப்பில் வரும் தீப்பொறி போதும். அந்த வண்டியை கேஸ் கிட் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

வாங்க வேண்டியது 12 வோல்ட், 2835 ரகம், மீட்டருக்கு 60 எல்இடி, மீட்டருக்கு 4.8 வாட் என்று எழுதியிருக்கும் ஸ்ட்ரிப். ஃபால்ஸ் சீலிங்குக்கு விற்கும் 230 வோல்ட் ரோலும், 24 வோல்ட் ஸ்ட்ரிப்பும் பார்வைக்கு இதேபோல் இருக்கும், எழுத்தைப் படித்து வாங்குங்கள். நிறம் 4000 கெல்வின் நல்லது. 6500-ன் நீலவெள்ளை இருட்டில் கண்ணைக் கூசும். ஈரக்குடை, காய்கறிப் பை எல்லாம் வைப்பவர்கள் சிலிகான் பூசிய ஐபி65 ரகத்தை எடுக்கலாம். கூடவே 0.5 சதுர மி.மீ. சிவப்பு, கறுப்பு வயர், 1 ஆம்பியர் ஃப்யூஸோடு, வயரின் நடுவில் இணைக்கும் ஒரு இன்லைன் ஹோல்டர், 1என்4007 டயோடு இரண்டு, சூட்டில் சுருங்கி இணைப்பை மூடும் ஹீட் ஷ்ரிங்க் குழாய், வயரிங்குக்குச் சுற்றும் துணி டேப். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருவில் எல்லாம் ஒரே நடையில் கிடைக்கும்.

டயோடு எதற்கு? ஸ்ட்ரிப்பில் மூன்று எல்இடியும் ஒரு ரெசிஸ்டரும் சேர்ந்தது ஒரு துண்டு. மூன்று எல்இடி சேர்ந்து 9.3 வோல்ட் அளவுக்கு எடுத்துக்கொள்ளும். 12 வோல்ட்டில் ரெசிஸ்டர் தாங்குவது 2.7 வோல்ட். இன்ஜின் ஓடும்போது லைனில் 14.4 வரை வரும், அப்போது ரெசிஸ்டர் மேல் 5.1. வோல்டேஜ் ஏறியது ஐந்தில் ஒரு பங்கு, ஆனால் எல்இடி வழியே ஓடும் கரண்ட் ஏறக்குறைய இரட்டிப்பு. வீட்டு அடாப்டரில் வருடக்கணக்கில் எரியும் ஸ்ட்ரிப் காரில் சீக்கிரம் மூன்று மூன்று எல்இடியாகச் செத்துப்போவதற்கு இதுதான் காரணம். பாசிட்டிவ் வயரில் இரண்டு டயோடுகளை வரிசையாகப் போட்டால் ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் குறையும். வெள்ளிக் கோடு உள்ள முனை ஸ்ட்ரிப் பக்கம் இருக்கவேண்டும். இன்ஜின் நின்றிருக்கும்போது வெளிச்சம் கொஞ்சம் குறையும், டிக்கிக்கு அதுவே தாராளம்.

ஹேட்ச்பேக்கில் பார்சல் ட்ரேக்கு மேலே ஒட்டினால் கீழே வெளிச்சம் வராது. வாயின் இரண்டு பக்கமும், ட்ரே மட்டத்துக்குக் கீழே, 45 செ.மீ. துண்டு ஒவ்வொன்று நெட்டாக ஒட்டுங்கள். செடானில் பின் கண்ணாடிக்குக் கீழுள்ள தகட்டின் விளிம்பில், அடிப்பக்கமாக 90 செ.மீ. ஒரே துண்டு. இரண்டிலும் மொத்தம் 4.3 வாட்தான், பழைய பல்பைவிடக் குறைவு. அதனால் கம்பெனி வயரிங்கைத் தொடவே வேண்டாம். கத்தரிக்கோல் போட வேண்டியது 5 செ.மீ.க்கு ஒருமுறை வரும் செப்புப் புள்ளிகளின் நடுக்கோட்டில் மட்டும்.

பழைய பல்பைக் கழற்றி, அந்த ஹோல்டரில் பொருந்தும் வயரோடு வரும் அடாப்டரைச் செருகுங்கள். ரூஃப் விளக்குக்கு விற்கும் எல்இடி பேனல்களோடு இவை வரும். இரண்டு முனையிலும் தொப்பி உள்ள நீளப் பல்புக்கு ஒரு வகை, கண்ணாடி அடி உள்ள டி10 பல்புக்கு இன்னொன்று. கம்பெனி வயரை வெட்டாததால் வாரண்டி வம்புக்கும் வாய்ப்புக் குறைவு.

பெரும்பாலோர் தவறுவது அடுத்த இடத்தில். பாசிட்டிவை ஹோல்டரிலிருந்து எடுத்துவிட்டு, நெகட்டிவை பக்கத்திலுள்ள போல்ட்டில் கட்டிவிடுவார்கள். பல கார்களில் ஹோல்டருக்கு 12 வோல்ட் எப்போதும் வந்துகொண்டே இருக்கும், டிக்கி லாக்கிலுள்ள சுவிட்ச் துண்டிப்பது எர்த்தை, அதாவது நெகட்டிவ் பக்கத்தை. பாடியில் கட்டினால் கதவு மூடியும் விளக்கு அணையாது. 0.36 ஆம்பியர் சிறியதாகத் தெரியலாம், இரண்டு நாள் வண்டி நின்றால் 17 ஆம்பியர்-அவர். 35 ஏஎச் பேட்டரியில் பாதி போச்சு. இரண்டு வயரும் ஹோல்டரிலிருந்தே வரட்டும். எது பாசிட்டிவ் என்று மல்டிமீட்டரில் பார்த்து, அதில் முதலில் ஃப்யூஸ், பிறகு டயோடு. இரண்டு துண்டு போடுபவர்கள் இரண்டுக்கும் தனித்தனி வயரை டயோடுக்குப் பிறகு பிரித்து எடுங்கள்.

க்ளிப் கனெக்டர் வேண்டாம், குலுங்கிக் குலுங்கித் தளர்ந்துவிடும். ஈயத்தால் பற்றவையுங்கள். ஐபி65 என்றால் செப்புப் புள்ளியின் மேலுள்ள சிலிகானை பிளேடால் சீவி, புள்ளியிலும் வயர் நுனியிலும் முன்கூட்டியே ஈயம் பூசிவிட்டு, சேர்த்து வைத்து இரண்டு நொடி சூடு காட்டுங்கள். அதற்கு மேல் வைத்தால் செப்பு பெயர்ந்து வந்துவிடும். பெயர்ந்தால் அந்த 5 செ.மீ.யை வெட்டி எறிய வேண்டியதுதான்.

ஸ்ட்ரிப்போடு வரும் பசை சித்திரை வெயிலில் நின்ற காரில் இளகிவிடும். சின்ன அலுமினிய சேனலை இரண்டு பக்கமும் ஒட்டும் 3எம் விஎச்பி டேப்பால் ஒட்டி, அதற்குள் ஸ்ட்ரிப்பை வைப்பதே நிற்கும் வேலை, சூடும் இறங்கும். ஒட்டும் இடத்தை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, முழுக்கக் காயவிட்டு, அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கார்பெட் துணியின் மேல் எந்தப் பசையும் நிற்காது, பிளாஸ்டிக்கோ தகடோ உள்ள இடமாகப் பாருங்கள். ஸ்க்ரூ அடிக்காதீர்கள், அந்தப் பக்கம் என்ன வயர் போகிறது என்று தெரியாது.

வயரை ட்ரிம்முக்கு (உள்பக்க பிளாஸ்டிக் உறைக்கு) பின்னால் துணி டேப் சுற்றி ஓட்டுங்கள். ஏர்பேக் என்று முத்திரை உள்ள தூண் ட்ரிம்மைப் பிடுங்கக்கூடாது. டிக்கி வாயைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்குக்கு அடியில் வயர் வந்தால் அந்த இடைவெளியில் மழைநீர் இறங்கும். செடானில் மூடியின் வளைந்த கீல்கை உள்ளே இறங்கும் பாதையைக் கையால் மெதுவாக மூடிப் பார்த்து, அதற்கு வழிவிட்டு வயரைக் கட்டுங்கள்.

சோதிக்கும்போது மூடியைத் திறந்தபடியே லாக்கின் நாக்கை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினால், மூடியதாக நினைத்து விளக்கு அணையும். சோதனை முடிந்ததும் கைப்பிடியை இழுத்து நாக்கை விடுவியுங்கள். மறந்துவிட்டு மூடியைச் சாத்தினால் லாக் உடையும். சில வண்டிகளில் லாக் அணைத்த பின்னும் எல்இடி மின்மினிபோல் மங்கலாக எரியும். காரின் விளக்கு, லாக் போன்றவற்றை இயக்கும் எலக்ட்ரானிக் பெட்டியான பாடி கண்ட்ரோல் மாடியூலில் கசியும் சிறு கரண்ட் அது. ஸ்ட்ரிப்பின் இரண்டு வயருக்கும் குறுக்கே 1 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்தால் நின்றுவிடும்.

கடைசியாக, செல்போனில் வீடியோ பதிவை ஓடவிட்டு உள்ளே வைத்து, டிக்கியை நிஜமாகவே மூடி ஒரு நிமிடம் கழித்துத் திறந்து பாருங்கள். படம் இடையில் முழுக் கறுப்பாக இருக்கவேண்டும்.