மகளின் இன்ஸ்டாகிராமில் போலித் தோழி: கண்டுபிடிப்பதிலிருந்து புகார் வரை

"எனக்குத் தெரிஞ்சவதாம்மா, என் கிளாஸ்லயே ஒன்பது பேர் அவளை ஃபாலோ பண்றாங்க." எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் இப்படிச் சொன்னபோது நானும் சரி என்று விட்டுவிட்டேன். மூன்று வாரம் போயிருக்கும். அந்தத் தோழி யூனிஃபார்மில் ஒரு போட்டோ கேட்டாள். கூடவே, "நமக்குள்ளயே இருக்கட்டும், அம்மாகிட்ட சொல்லாத" என்று ஒரு வரி. அந்த வரிதான் மகளுக்கு உறுத்தியிருக்கிறது. போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்து நின்றாள்.

அன்று இரவு நான் செய்ததில் பாதி தவறு. இன்னொரு அம்மாவோ அப்பாவோ அதே இடத்தில் தடுமாறக் கூடாது என்பதற்காக, எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பிறகு செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன். இன்ஸ்டாகிராமை வைத்துத்தான் சொல்கிறேன். அப்டேட் வரும்போது மெனுவின் பெயர் கொஞ்சம் மாறலாம்.

படி 1: பிறந்த வருடத்தைப் பாருங்கள்

2025 பிப்ரவரியிலிருந்து இந்தியாவிலும் 'டீன் அக்கவுன்ட்' வந்துவிட்டது. 18 வயதுக்குட்பட்டவர்களின் கணக்கு தானாகவே பிரைவேட் ஆகும், முன்பின் தெரியாதவர்கள் மெசேஜ் அனுப்ப முடியாது. 16 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் இல்லாமல் இதைத் தளர்த்தவும் முடியாது. ஆனால் இதெல்லாம் கணக்கு தொடங்கும்போது கொடுத்த பிறந்த வருடத்தை நம்பித்தான் நடக்கிறது. என் மகள் 2003 என்று போட்டிருந்தாள்! அக்கவுன்ட்ஸ் சென்டரில் 'பர்சனல் டீடெயில்ஸ்' போய்ப் பார்த்துத் திருத்துங்கள். பிள்ளைக்கு 13 வயது ஆகவில்லை என்றால் கணக்கே வேண்டாம், மூடிவிடுங்கள்.

படி 2: 'மியூச்சுவல்' (இருவருக்கும் பொதுவானவர்கள்) எண்ணிக்கையை நம்பாதீர்கள்

நான் ஏமாந்தது இங்கேதான். தெரிந்த ஒன்பது பேர் ஃபாலோ செய்கிறார்கள் என்றால் அந்த ஒன்பது பேரில் யாராவது ஒருவராவது நேரில் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தேன். மகளின் வகுப்புத் தோழிகள் மூன்று பேரின் அம்மாக்களுக்கு போன் போட்டேன். மூன்று பிள்ளைகளும் சொன்னது ஒரே பதில்: "அவ ஃபாலோ பண்றான்னுதான் நானும் பண்ணேன்." கடைசியில், கணக்கைப் பப்ளிக்காக வைத்திருந்த ஒரு பெண்ணிடம் போய் நின்றது. போலி ஆள் முதலில் அவளைப் பிடித்திருக்கிறான். அவளைக் காட்டி அடுத்தவளை, இருவரையும் காட்டி மூன்றாமவளை. ஒருத்திகூட அந்த ஆளைப் பார்த்ததில்லை.

அதனால் ஒரு மாலை பிள்ளையோடு உட்காருங்கள். போனைப் பிடுங்க வேண்டாம், அவர்கள் கையிலேயே இருக்கட்டும். ஃபாலோயர்ஸ் பட்டியலில் ஒவ்வொரு பெயராக வரும்போது ஒரே ஒரு கேள்வி: "இவங்களை எங்க பார்த்த?" ஸ்கூல், டியூஷன், பாட்டு கிளாஸ், சித்தி வீட்டுக் கல்யாணம் என்று ஓர் இடம் பதிலாக வந்தால் சரி. இடத்துக்குப் பதில் இன்னொருத்தியின் பெயர் வந்தால் 'ரிமூவ்' அழுத்துங்கள். நீக்கப்பட்டவருக்கு அறிவிப்பு எதுவும் போகாது. இதைச் சொன்ன பிறகுதான் என் மகள் தயக்கமில்லாமல் நீக்க ஆரம்பித்தாள். 412 பேரில் 160 பேர் போனார்கள், இரண்டு மாலை ஆனது. 'ஃபாலோயிங்' பட்டியலையும் இதேபோல் பாருங்கள். டீன் அக்கவுன்ட்டிலும் பிள்ளை ஃபாலோ செய்பவர் மெசேஜ் அனுப்பலாம் என்பதால் இது இன்னும் முக்கியம்.

படி 3: சந்தேகமான கணக்கைச் சோதிப்பது

கணக்கின் பக்கத்தில் மூன்று புள்ளியைத் தொட்டு 'அபவுட் திஸ் அக்கவுன்ட்' போங்கள். எந்த மாதம் சேர்ந்தார்கள் என்று காட்டும். பல கணக்குகளுக்கு எந்த நாடு, எத்தனை முறை பெயர் மாற்றினார்கள் என்பதும் இருக்கும். சேலத்தில் இருப்பதாகச் சொல்லிக்கொண்ட அந்தத் தோழி சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது, அதற்குள் பெயரும் மாறியிருந்தது.

பிறகு படம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போடுங்கள், அப்புறம் படத்தை வைத்துத் தேடும் 'டின்ஐ' (TinEye) தளத்திலும் ஒருமுறை. எனக்குப் பிடித்தது லென்ஸ், போனிலேயே முடிந்துவிடுகிறது. ஆனால் எங்கும் கிடைக்கவில்லை என்பதால் படம் அசல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏஐ உருவாக்கிய முகம் பெரும்பாலும் எங்கேயும் கிடைக்காது. எங்களுக்கும் எதுவும் கிடைக்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பெண்ணின் தோளுக்குப் பின்னால், சுவரில் ஒரு பிளக் பாயின்ட். நம் வீட்டில் இருப்பதுபோல் மூன்று உருண்டைத் துளை இல்லை. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு நீளக் கீற்று, கீழே ஒரு சின்னத் துளை. அமெரிக்காவில் இருக்கும் வகை. சேலத்தில் எந்த வீட்டில் அது இருக்கும்? முகத்தை விட்டுவிட்டுச் சுவர், ஜன்னல், காலண்டர், வண்டி நம்பர் பிளேட் இவற்றைப் பாருங்கள்.

படி 4: பிளாக் செய்வதற்கு முன்

கோபத்தில் நான் முதலில் ரிப்போர்ட் அடித்தேன், பிளாக் செய்தேன், சாட்டையும் அழித்தேன். மறுநாள் புகார் எழுத உட்கார்ந்தால் கையில் ஒன்றுமே இல்லை. பிளாக் பட்டியலில் தேடினேன், அந்தக் கணக்கே காணாமல் போயிருந்தது. நல்லவேளை, படத்துக்காக எடுத்த ஸ்கிரீன்ஷாட்டின் மேல் ஓரத்தில் யூசர்நேம் விழுந்திருந்தது. இன்னொரு தோழியின் போனில் சாட்டும் மிச்சம் இருந்தது.

நீங்கள் வேறு மாதிரி செய்யுங்கள். முதலில் கணக்கின் முகப்பு, யூசர்நேம் முழுதாகத் தெரியும்படி. அடுத்து 'அபவுட்' பக்கம். அப்புறம் உரையாடல், தேதியும் நேரமும் விழும்படி மேலிருந்து கீழ்வரை. புரொஃபைல் லிங்க்கை காப்பி செய்து தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மறையும் மெசேஜாக இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்தது அந்த ஆளுக்குத் தெரிந்துவிடும், அதனால் இன்னொரு போனால் திரையைப் படம் எடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பிள்ளையின் அந்தரங்கப் படம் ஏதாவது போயிருந்தால் அதை நகலெடுக்காதீர்கள், ஆதாரம் என்று வாட்ஸ்ஆப்பில் யாருக்கும் அனுப்பவும் அனுப்பாதீர்கள். அதைப் பரப்புவதே குற்றம். சாட்டை அழிக்காமல் போனை அப்படியே வைத்திருங்கள், போலீசார் பார்த்துக்கொள்வார்கள்.

இந்த இடத்தில் பிள்ளையைத் திட்டிவிடாதீர்கள். அவளாக வந்து சொன்னதால்தான் எனக்குத் தெரிந்தது. அன்று கத்தியிருந்தால் அடுத்த முறை வந்து சொல்லியிருக்க மாட்டாள்.

படி 5: எங்கே புகார்

சைபர் க்ரைம் டாட் கவ் டாட் இன் என்ற தேசியத் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றம் என்ற பிரிவு இருக்கிறது. பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். பெயர் கொடுத்தால் புகார் என்ன ஆயிற்று என்று பின்தொடர முடியும், நான் அதைத்தான் சொல்வேன். 1930 என்ற எண் பண மோசடிக்கு. பிள்ளை விஷயத்துக்கு 1098. உடனடி ஆபத்து என்றால் 112.

ஸ்டேஷன் என்றதும் பலர் பின்வாங்குவது வெளியே தெரிந்துவிடுமே என்ற பயத்தில். விஷயம் போக்சோ சட்டத்தின் (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம்) கீழ் வந்தால், குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே வாங்கலாம். முடிந்தவரை பெண் அதிகாரிதான் வர வேண்டும், சீருடையில் வரக் கூடாது. குழந்தையின் பெயரை ஊடகம் வெளியிடக் கூடாது. இதைப் படித்த பிறகுதான் என் கணவரும் சம்மதித்தார்.

படம் ஏற்கெனவே போய்விட்டது, பரப்பிவிடுவேன் என்று மிரட்டுகிறான் என்றால் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. அதன் கைரேகை போன்ற ஓர் எண் உங்கள் போனிலேயே உருவாகி, அது மட்டும் போகும். அதில் சேர்ந்திருக்கும் தளங்கள் அதை வைத்துப் படத்தைத் தேடி அகற்றும். மிரட்டுபவனுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள், கொடுத்தால் மறுபடியும் கேட்பான்.

புகார் எண் கைக்கு வந்த பிறகு ரிப்போர்ட், அதன் பிறகு பிளாக்.

உளவு ஆப் போடலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்பேன். தெரிந்த அன்றே இரண்டாவது கணக்கு தொடங்கிவிடுவார்கள். இன்ஸ்டாகிராமிலேயே இருக்கும் பெற்றோர் மேற்பார்வை போதும், அது பிள்ளைக்கும் தெரிந்தே நடக்கிறது.

பின்சேர்க்கை 1: "எல்லாம் செய்தேன், ஆனால் மகனுக்கு இன்னொரு கணக்கு இருந்தது" என்று ஒருவர் எழுதியிருந்தார். இன்ஸ்டாகிராமில் கீழே வலது ஓரத்தில் இருக்கும் புரொஃபைல் படத்தை அழுத்திப் பிடியுங்கள், அந்த போனில் திறந்திருக்கும் மற்ற கணக்குகள் வரும். பிள்ளையை வைத்துக்கொண்டே செய்யுங்கள். படி 2 ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியாக.

பின்சேர்க்கை 2: பிள்ளையின் பெயரிலும் படத்திலுமே யாரோ கணக்கு தொடங்கினால்? ரிப்போர்ட்டில் 'வேறொருவராக நடிக்கிறார்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். உங்களுக்குக் கணக்கு இல்லாவிட்டாலும் உதவிப் பக்கத்தில் பெற்றோர் நிரப்பும் படிவம் உண்டு, அடையாள அட்டை கேட்கும். ஆள்மாறாட்டப் புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் தளம் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021 ஐடி (தகவல் தொழில்நுட்ப) விதிகள் சொல்லின, 2026 பிப்ரவரித் திருத்தத்தில் அது 2 மணி நேரமாகக் குறைந்தது. ஆகவே அனுப்பிய நேரத்தையும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.