ஓலெட் கேமிங் மானிட்டர் வாங்கலாமா? விளையாடாத நேரத்தைக் கணக்குப் பாருங்கள்

ஓலெட் மானிட்டர் வாங்கலாமா என்று யாராவது கேட்டால், "என்ன கேம் விளையாடுவீர்கள்?" என்று நான் கேட்பதில்லை. "விளையாடாதபோது அந்தத் திரையில் என்ன ஓடும்?" என்றுதான் கேட்பேன். விளையாடும்போது ஓலெட் நன்றாக இருக்கும், அதில் பெரிய விவாதமே இல்லை. வில்லங்கம் எல்லாம் மீதி நேரத்தில்தான்.

எனக்கு எழுத்துதான் பிழைப்பு. பகலில் மொழிபெயர்ப்பு, பிழைதிருத்தம், நடுவே ஒரு எக்செல் தாள். இரவில் விளையாட்டு. பெரும்பாலும் இருட்டுக் குகையும் மழை பெய்யும் தெருவுமாகக் கறுப்பு நிறைந்த கதை விளையாட்டுகள். நண்பர்கள் கூப்பிட்டால் துப்பாக்கிச் சண்டை. ஒரே மேசையில் இந்த இரண்டையும் செய்கிறவன் என்ற இடத்திலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை: ஒரு வாரக் கணக்கு

கடைக்குப் போவதற்கு முன்னால், ஒரு வாரம் உங்கள் திரையைக் கவனியுங்கள். ஒரு தாளில் இரண்டு பத்தி போதும். அசையாமல் நிற்பவை ஒரு பக்கம்: வேர்ட், எக்செல், கோடிங், ஒரே பிரவுசர் ஜன்னல். அசைபவை மறுபக்கம்: கேம், வீடியோ. எத்தனை மணி நேரம் என்று தோராயமாகக் குறித்தால் போதும். "நான் முழுநேர கேமர்" என்று சொல்லிக்கொள்பவர்களில் பலருக்கு முதல் பத்தி நீளமாக வரும்.

இது ஏன் முக்கியம் என்றால், எல்சிடியில் பின்னால் ஒரு விளக்கு எரிகிறது. பிக்சல் அந்த ஒளியை விடுகிறது அல்லது மறைக்கிறது, அவ்வளவுதான். ஓலெட்டில் பிக்சலே விளக்கு. அந்தக் கரிமப் பொருள் எரிய எரியத் தேயும். நீல நிறம் மற்றவற்றைவிட வேகமாகத் தேயும். திரை முழுவதும் ஒரே சீராகத் தேய்ந்தால் கண்ணுக்கே தெரியாது. ஒரே இடத்தில் ஒரே பிரகாசமான விஷயம் நாள்கணக்கில் நின்றால்தான் சிக்கல். சுவரில் ரொம்ப நாள் மாட்டியிருந்த காலண்டரை எடுத்தால் அந்தச் சதுரம் தனியாகத் தெரியுமே, அதைப் போலத்தான் டாஸ்க்பாரும் பிரவுசர் டேப் வரிசையும் கேமில் ஓரத்தில் நிற்கும் மேப்பும் திரையில் தடம் விடும். இதற்குப் பெயர்தான் பர்ன்-இன்.

இரண்டு விஷயத்தைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கேமை நிறுத்தி வைத்துவிட்டுச் சாப்பிட்டு வந்தபோது லேசான நிழல் தெரிந்தால் அது தற்காலிகமானது. கொஞ்ச நேரத்தில், அல்லது பிக்சல்களைச் சீராக்க மானிட்டர் தானே ஓட்டும் சுத்திகரிப்புச் சுற்று முடிந்த பிறகு, போய்விடும். பர்ன்-இன் அப்படி ஒரே மாலையில் வராது. நூற்றுக்கணக்கான மணி நேரம் சேர்ந்து சேர்ந்து வரும், வந்தால் போகாது. வெளிச்சத்தை எவ்வளவு கூட்டி வைக்கிறீர்களோ அவ்வளவு சீக்கிரம் வரும்.

தயாரிப்பாளர்களும் சும்மா இல்லை. படத்தை ஓரிரு பிக்சல் அப்படி இப்படி நகர்த்துவது, அசையாத லோகோவை மங்கலாக்குவது என்று சில தற்காப்புகள் உள்ளேயே இருக்கும். முக்கியமானது அந்தச் சுத்திகரிப்புச் சுற்று. பல மாடல்களில் நான்கு மணி நேரம் போலப் பயன்படுத்திய பிறகு, மானிட்டர் ஸ்டாண்ட்பைக்குப் போனதும் அது தானாக ஓடும். சில நிமிடங்கள் பிடிக்கும். இரவில் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டுத்தான் தூங்குவேன் என்பவர்கள் இதை அறியாமலே கெடுப்பார்கள். நல்ல பழக்கம்தான், ஆனால் இந்த ஒரு பிளக்கை மட்டும் விட்டுவிடுங்கள்.

சரி, கணக்கு வந்துவிட்டது. என்ன முடிவெடுப்பது? என் அளவுகோல் இதுதான்: அசையாத நேரம் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், ஒரே ஒரு மானிட்டர்தான் இருக்கிறது, அதையும் ஏழெட்டு வருடம் வைத்துக்கொள்வீர்கள் என்றால், வேண்டாம். ஒரு நல்ல ஐபிஎஸ் அல்லது மினி-எல்இடி (இரண்டுமே எல்சிடி வகைதான்) வாங்கிவிட்டு நிம்மதியாக இருங்கள். அதே நேரம், வேலைக்குப் பழைய எல்சிடி ஒன்று தனியாக இருக்கிறது என்றால் பர்ன்-இன் பயத்தைப் பெரும்பாலும் ஒதுக்கி வைத்துவிடலாம். நான் அப்படித்தான். நாள் முழுக்க எழுத்து வேலை பழைய ஐபிஎஸ்ஸில். ஓலெட் சாயங்காலம்தான் கண் விழிக்கும்.

நடுவில் நிற்பவர்களுக்கு வாரண்டிதான் முடிவு சொல்லும். இப்போது பல பிராண்டுகள் பர்ன்-இன்னையும் சேர்த்து மூன்று வருடம் தருகிறார்கள்; எல்லோரும் தருவதில்லை, மாடலுக்கு மாடல், நாட்டுக்கு நாடு மாறுகிறது. "மூன்று வருட வாரண்டி" என்ற வரியைப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். பர்ன்-இன் என்ற சொல் அதில் வெளிப்படையாக இருக்கிறதா, உங்கள் நாட்டுக்கு அது பொருந்துமா, அனுப்பும் செலவு யாருடையது என்று பாருங்கள்.

எழுத்து எப்படித் தெரிகிறது?

மானிட்டர்களில் வரும் ஓலெட் பேனல்களில் இரண்டு குடும்பம் உண்டு. எல்ஜி டிஸ்ப்ளே செய்வது டபிள்யூஓலெட்: ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் இருக்கும் சிறு வண்ணப் புள்ளிகளைத் துணைப்பிக்சல் என்பார்கள்; இதில் சிவப்பு, பச்சை, நீலத்தோடு வெள்ளைத் துணைப்பிக்சல் ஒன்றும் இருக்கும். சாம்சங் டிஸ்ப்ளே செய்வது க்யூடி-ஓலெட்: நீல ஒளியைக் குவாண்டம் புள்ளிகள் சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றும், துணைப்பிக்சல்கள் பெரும்பாலும் முக்கோணமாக உட்கார்ந்திருக்கும். மானிட்டர் விற்பவர் பெயர் எதுவாக இருந்தாலும் உள்ளே பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

விண்டோஸின் எழுத்து மென்மையாக்கம், சிவப்பு-பச்சை-நீலம் வரிசையாக நிற்கிறது என்று நம்பிச் செய்யப்பட்டது. இங்கே பெரும்பாலான மாடல்களில் அந்த வரிசை இல்லை. அதனால் எழுத்தின் விளிம்பில் மெல்லிய வண்ணக் கசிவு தெரியும். க்யூடி-ஓலெட்டில் மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம். கேமில் இதைப் பார்க்கவே மாட்டீர்கள். ஆனால் வெள்ளைப் பக்கத்தில் கறுப்பு எழுத்தை மணிக்கணக்காகப் படிக்கிறவனுக்கு உறுத்தும். சுழியும் புள்ளியும் நெருங்கி நிற்கும் தமிழ் எழுத்தில் சிறிய அளவில் இன்னும் உறுத்தும்.

இதற்கு மருந்து பிக்சல் அடர்த்தி. 27 அங்குல 1440பி (உயரவாக்கில் 1440 பிக்சல்) திரையில் அங்குலத்துக்குச் சுமார் 109 பிக்சல். 34 அங்குல அல்ட்ராவைடும் (அகலம் கூடிய திரை) கிட்டத்தட்ட அதேதான். 32 அங்குல 4கே என்றால் 138, 27 அங்குல 4கே என்றால் 163. அடர்த்தி கூடக் கூடக் கசிவு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருங்கும். க்யூடி-ஓலெட் கேமிங் மானிட்டர் 2022-இல் 34 அங்குல அல்ட்ராவைடாக முதலில் வந்தபோது இந்தப் புகார்தான் பெரிதாக இருந்தது. 2024-இல் 32 அங்குல 4கே 240 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 240 முறை படத்தைப் புதுப்பிக்கும்) மாடல்கள் வந்த பிறகு பெருமளவு குறைந்தது. படிக்கிற வேலையும் இதே திரையில்தான் என்றால் 4கேக்குக் கீழே போகாதீர்கள் என்பது என் கருத்து. கேம் மட்டும் என்றால் 1440பி தாராளம்.

கடையில் பார்க்கும்போது டெமோ வீடியோவை நிறுத்தச் சொல்லுங்கள். அதில் எந்தத் திரையும் அழகாகத்தான் தெரியும். நீங்கள் வழக்கமாகப் படிக்கும் ஒரு பக்கத்தை, வழக்கமான எழுத்து அளவில் திறந்து, வழக்கமான தூரத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து படியுங்கள். கண்டுபிடிக்க வேண்டும் என்று மூக்கை ஒட்டிப் பார்த்தால் எல்லாத் திரையிலும் குறை தெரியும்.

உங்கள் அறை

ஓலெட்டின் பெருமையே கறுப்பு. அந்தக் கறுப்பை அறை வெளிச்சம் கெடுக்கும். க்யூடி-ஓலெட்டில் வெளி வெளிச்சத்தை அடக்கும் போலரைசர் படலம் கிடையாது. வெளிச்சம் விழுந்தால் கறுப்பு லேசான ஊதாச் சாம்பலாக மாறும். டபிள்யூஓலெட் இந்த விஷயத்தில் தேவலை. அதிலும் மேட் பூச்சு என்றால் பிரதிபலிப்பு அடங்கும், படம் சற்று மென்மையாகத் தெரியும். பளபளப்பான பூச்சு என்றால் நேரெதிர்.

வெளிச்ச அளவையும் பாருங்கள். முழுத் திரையும் வெள்ளையாக இருக்கும்போது பல ஓலெட் மானிட்டர்கள் 250 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) பக்கம்தான் நிற்கும். நல்ல எல்சிடி இதைச் சுலபமாகத் தாண்டும். முதுகுக்குப் பின்னால் பெரிய ஜன்னல், பகலில்தான் விளையாட்டு என்றால் ஓலெட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி வீண். இரவில், விளக்கைத் தணித்துவிட்டு விளையாடுகிறவருக்கு 250 நிட்ஸே கண்ணைக் கூசும்.

பணத்துக்கு என்ன கிடைக்கிறது?

ஐபிஎஸ் பேனலின் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம், சுமார் 1000:1. விஏ என்ற இன்னொரு எல்சிடி வகை 3000:1 பக்கம் போகும், ஆனால் இருட்டான காட்சியில் நகரும் உருவம் பின்னால் கறையை இழுத்துக்கொண்டு போகும். மினி-எல்இடியில் பின்விளக்கைச் சில நூறு முதல் ஓராயிரம், ஈராயிரம் பகுதிகளாகப் பிரித்திருப்பார்கள். 4கே ஓலெட்டில் 83 லட்சம் பிக்சலும் தனித்தனியாக அணையும். இருட்டு வானத்தில் ஒரு நட்சத்திரம் என்றால் நட்சத்திரம் மட்டும்தான் எரியும், அதைச் சுற்றி ஒளிவட்டம் இருக்காது. என் வகை கேம்களுக்கு இந்த ஒன்றே போதும்.

அடுத்தது வேகம். பிக்சல் நிறம் மாற எடுக்கும் நேரம் ஓலெட் பெட்டியில் 0.03 மில்லிசெகண்ட் என்று போட்டிருக்கும். எல்சிடி பெட்டியில் போடும் 1 மில்லிசெகண்ட் மிகச் சாதகமான நிலையில் அளந்தது. நடைமுறையில் பல மில்லிசெகண்ட் ஆகும். அதனால் ஒரே 240 ஹெர்ட்ஸிலும் ஓலெட்டில் அசைவு துல்லியமாகத் தெரியும். இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு, கடைக்காரர் சொல்லமாட்டார். எல்சிடியின் மந்தம் ஃப்ரேம்களுக்கு இடையே உள்ள இடைவெளியைப் பூசி மறைத்துக்கொண்டிருந்தது. ஓலெட்டில் அந்தப் பூச்சு இல்லை. 30 ஃப்ரேமில் ஓடும் கேமும், கேமரா மெதுவாகத் திரும்பும் 24 ஃப்ரேம் காட்சியும் விட்டுவிட்டு நகர்வது அப்பட்டமாகத் தெரியும். உங்கள் கிராபிக்ஸ் கார்டு குறைந்த ஃப்ரேம்களே தருகிறது என்றால் முதலில் கார்டை மாற்றுங்கள். 1440பியில் சுமார் 37 லட்சம் பிக்சல். 4கே அதைப்போல இரண்டேகால் மடங்கு. குறைந்த பிக்சலில் வரைந்து படத்தைப் பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் கைகொடுக்கும், ஆனால் அதிசயம் செய்யாது.

வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் எச்டிஆர் பற்றி ஒரு எச்சரிக்கை. ஸ்டிக்கரில் இருக்கும் 1000 நிட்ஸ் திரையின் இரண்டு மூன்று சதவீதப் பரப்பில் மட்டும்தான் கிடைக்கும்: ஒரு தீப்பொறி, ஒரு தெருவிளக்கு. பனி படர்ந்த மலை முழுத்திரையில் வந்தால் வெளிச்சம் தானாக இறங்கிவிடும். பல க்யூடி-ஓலெட் மாடல்களில் ட்ரூ பிளாக் 400, பீக் 1000 என்று இரண்டு எச்டிஆர் முறைகள் இருக்கும். இரண்டாவதில் சிறு ஒளிகள் மின்னும், ஆனால் பிரகாசமான காட்சி மொத்தமாக மங்கும். நான் முதலாவதிலேயே விட்டுவிடுகிறேன்.

அப்புறம் விஆர்ஆர் மினுக்கல். ஃப்ரேம் எண்ணிக்கை ஏறி இறங்கும்போது திரை படத்தைப் புதுப்பிக்கும் வேகமும் (ரெஃப்ரெஷ் ரேட்) கூடவே மாறும், அதுதான் விஆர்ஆர். அப்போது இருட்டுச் சாம்பல் பகுதிகள் மினுக்மினுக்கென்று துடிக்கும். லோடிங் திரையிலும் மெனுவிலும் அதிகம். சிலருக்குத் தெரியவே தெரியாது, சிலருக்குத் தலைவலி. கார்டு சலிக்காமல் தரக்கூடிய ஒரு எண்ணில் ஃப்ரேம்களைக் கட்டிப்போட்டால் பெரும்பாலும் அடங்கும்.

போட்டி ஷூட்டர் மட்டுமே விளையாடுகிறவர்களுக்கு வேகமான எல்சிடியே போதும். மிச்சப் பணத்தைக் கார்டில் போடலாம். கன்சோல்காரர்களுக்கு: பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் இரண்டும் 4கேயில் 120 ஹெர்ட்ஸ் வரைதான், அதற்கு வேண்டிய எச்டிஎம்ஐ 2.1 கேபிள் இணைப்பு மானிட்டரில் இருக்கிறதா என்று பாருங்கள். அல்ட்ராவைடில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டைதான் கிடைக்கும்.

வாங்கிய பிறகு

முதல் நாளே டார்க் தீம், டாஸ்க்பாரை மறையவிடுவது, ஐந்து நிமிடம் சும்மா இருந்தால் திரை அணைவது, இந்த மூன்றையும் செட் பண்ணுங்கள். ஸ்கிரீன்சேவர் வேண்டாம், அணைவதுதான் ஓய்வு. கேமில் ஓரத்து மேப், உயிர்ப்பட்டையின் அடர்த்தியைக் குறைக்க வழி இருந்தால் குறையுங்கள். விண்டோஸில் எச்டிஆர் போடுவதற்கு முன் மைக்ரோசாஃப்டின் எச்டிஆர் கேலிப்ரேஷன் செயலியை ஒருமுறை ஓட்டிவிடுங்கள். துடைக்க உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி மட்டும்; குறிப்பாகப் பளபளப்பான பூச்சு சீக்கிரம் கீறும்.

திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் சோதித்துவிட வேண்டியவை: முழுச் சாம்பல் திரையில் கோடுகள் தெரிகின்றனவா, செத்த பிக்சல் உண்டா, உங்கள் இருட்டான கேமின் லோடிங் திரை துடிக்கிறதா, உங்கள் எழுத்து வேலையை ஒரு முழுப் பகல் இதில் செய்தால் கண் எப்படி இருக்கிறது. அதுவரை அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும் தூக்கிப் போட வேண்டாம்.