ஒட்டின வினைல் ஷீட்டை உரிக்கணுமா, சுத்தியலை உள்ள வெச்சிட்டு வாங்க

அம்மா வீட்டு ஹால்ல நல்ல ரெட் ஆக்சைடு தரை, அதுமேல பத்து வருஷத்துக்கு முன்னாடி மரக்கலர் வினைல் ஷீட் ஒட்டிட்டாங்க, அப்ப அதான் ஃபேஷன். இப்ப ஓரமெல்லாம் தூக்கிக்கிட்டு பெருக்கும்போது தொடப்பம் மாட்டுது. பாக்க வந்த ஆளு உளியை எடுத்துட்டு "கொத்திடலாம் சார்"ன்னாரு. கொத்தினா ரெட் ஆக்சைடு போச்சு, அது மேல மெல்லிசா போட்ட பூச்சுதானே. சரின்னு நானே உக்காந்தேன், 10க்கு 12 ரூமுக்கு ரெண்டு ஞாயித்துக்கிழமை ஆச்சு.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. உங்களுது ஷீட்டா இல்லாம 9 இன்ச் சதுரத்துல மொறமொறன்னு உடையுற ரொம்பப் பழைய டைலா இருந்து, அடியில தார் மாதிரி கறுப்பு கம் இருந்தா கை வெக்காதீங்க. அந்தக் காலத்து டைல்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், உடைச்சா தேய்ச்சா தூசி நேரா நுரையீரலுக்குத்தான். வெவரம் தெரிஞ்ச ஆளை வெச்சுத்தான் பாக்கணும்.

சாதா ஷீட்னா, தூக்கின ஒரு ஓரத்தைப் பிரிச்சு உள்ள இருக்கிற கம்மைப் பாருங்க. வெள்ளையா இருந்தா பெரும்பாலும் தண்ணி கம், வெந்நீர்ல நனைச்ச துணியை ஒரு மணி நேரம் போட்டு வெச்சா இளகும். மஞ்சளா பிசுபிசுன்னு ரப்பர் மாதிரி இருந்தா தண்ணிக்கு மசியாது, சூடுதான் வேணும்.

கட்டர் வெச்சு அரை அடி அகலப் பட்டையா வெட்டிக்கோங்க, முழு ஷீட்டா இழுத்தா இடுப்புதான் போகும். பிளேடை அழுத்தாதீங்க, ஷீட் மட்டும் வெட்டுனா போதும். அப்புறம் ஹேர் டிரையரை அரை நிமிஷம் மேல காட்டுங்க, ஹீட் கன் இருந்தா கம்மி சூட்டுல வெச்சு ஆட்டிக்கிட்டே இருங்க, ஒரே இடத்துல நிறுத்தி புகை வந்துச்சுன்னா அது பிவிசி (வினைல் ஷீட்ல இருக்கிற பிளாஸ்டிக்) கருகுற புகை, மூக்கு எரியும், நல்லதில்ல. சூடா இருக்கும்போதே இழுக்கணும், மேல தூக்கி இல்ல, தரையோட தரையா உங்க பக்கமா மடக்கி இழுங்க. மேல தூக்கினா ஷீட் ரெண்டா பிரிஞ்சு அடிப்பக்கம் தரையிலயே தங்கிடும், அதைச் சுரண்டுறதுக்குள்ள ஒரு நாள் போயிடும் (எனக்குப் போச்சு). மாட்டுற எடத்துல பட்டி பாக்குற தகடை படுக்க வெச்சு தள்ளுங்க. தகடோட ரெண்டு மூலையையும் உப்புத்தாள்ல தேய்ச்சு மழுக்கிட்டா கீறல் விழாது.

ஷீட் போனதும் சீப்பு சீவின மாதிரி வரிவரியா கம் நிக்கும், உண்மையான வேலையே இதான். சூடு காட்டி தகடை ஓட்டினா சப்பாத்தி மாவு மாதிரி சுருண்டு தகடுலயே ஒட்டிக்கும். கம் மேல கொஞ்சம் டால்கம் பவுடர் தூவிட்டு சுரண்டுங்க, உதிரி உதிரியா வரும். மிச்சத்துக்கு தின்னர், ஆனா சூடு காட்டுற வேலை முழுசா முடிஞ்சு டிரையரை வயரோட வெளிய எடுத்து வெச்சப்புறம்தான். தின்னர் ஆவி காத்தை விட கனம், தரையிலயே படுத்துக் கெடக்கும், சாமி விளக்கு, கேஸ் அடுப்பு எல்லாம் அணைச்சு ஜன்னலைத் தொறந்து வெச்சு, துணியில கொஞ்சமா நனைச்சு கை அகலத்துக்கு துடைங்க. அந்தத் துணியை வெளிய விரிச்சுப் போடுங்க, சுருட்டி மூலையில போடாதீங்க. பெட்ரோல் வேண்டவே வேண்டாம். மொசைக் தரைன்னா ஆசிடும் வேண்டாம், உள்ள இருக்கிற மார்பிள் சில்லையும் சிமெண்டையும் அரிச்சிடும்.

டைல் போடப் போறீங்கன்னா கம் கொஞ்சம்கூட இருக்கக்கூடாது, சிமெண்ட் பிடிக்காது. உரிச்ச ஷீட்டை குப்பை வண்டியில போடுங்க, போகிக்கு சேத்து வெச்சு எரிச்சிடாதீங்க, பிவிசி எரிஞ்சா டையாக்சின்ங்கிற விஷம் வரும்.

கடைசியா சோப்புத்தண்ணி போட்டு கழுவி ஒரு வாரம் எதையும் விரிக்காம விடுங்க, அடியில தேங்கின ஈரம் போகணும். அப்புறம் துளி தேங்கா எண்ணெய் தொட்டு தேய்ச்சதும் அந்தச் சிவப்பு அப்படியே எந்திரிச்சு வந்துச்சு. ஜன்னல் பக்கம் மட்டும் கட்டர் அழுந்தின கோடு ஒண்ணு நிக்குது, அம்மா பாக்குறதுக்குள்ள ஷூ ரேக்கை இழுத்து அங்க போட்டுட்டேன்.