கருவேலந் தழையை வெட்டியவுடன் போடாதீர்கள்

கோடையில் மாட்டுக்கு நாட்டுக் கருவேலந் தழை வெட்டினால், நிழலில் ஒரு நாள் வாடவிட்டு, சோளத்தட்டோடு கலந்து போடுங்கள். தழையின் துவர்ப்புக்குக் காரணம் டானின். அது தீவனப் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் மாட்டின் முதல் வயிறான பெருவயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்களால் அதை எளிதில் சிதைக்க முடியாது. அளவாக இருந்தால் லாபம்தான்: நான்காம் வயிற்றின் அமிலத்தில் புரதம் விடுபட்டு, குடலில் செரித்து உடம்பில் ஒட்டும். டானின் தீவனத்தின் உலர் எடையில் சுமார் 5 சதவீதத்தைத் தாண்டினால் மாடு தீனியைக் குறைக்கும், செரிமானமும் மந்தமாகும். வாடும்போது அந்த வீரியம் கொஞ்சம் தணியும். தட்டு கலந்தால் அளவும் குறையும்.

மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் அங்கங்கே கடித்துத் திரியும் வெள்ளாட்டுக்கு இந்தப் பாடு வேண்டாம், டானினை அது மாட்டைவிட நன்றாகவே தாங்கும். சூபாபுல் (சவுண்டல்) தழைக்கு மட்டும் இந்த வழியை நம்ப வேண்டாம். அதில் மைமோசின் என்ற வேறு நச்சும் இருக்கிறது.