மன அழுத்தத்தைப் பிரித்துப் பார்த்துக் கையாளும் முறை

அலுவலகத்தில் முடியாமல் கிடக்கும் வேலை, வீட்டில் பேசித் தீர்க்காத பிணக்கு, நெடுநாளாக மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு சொந்தக் கவலை ஆகியவை ஒன்றாகச் சேரும்போது, "எல்லாமே பாரமாக இருக்கிறது" என்று சொல்லி அனைத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். அப்படிக் கட்டிய பிறகு எதை முதலில் கையில் எடுப்பது என்பது தெரிவதில்லை. மூச்சுப் பயிற்சி செய்தாலும், விடுப்பு எடுத்தாலும், நண்பரிடம் புலம்பினாலும் சில மணி நேர ஆறுதல் கிடைக்கிறதே தவிர, மறுநாள் காலையில் அதே பாரம் அப்படியே காத்திருக்கிறது. ஆகவே எந்தப் பயிற்சியையும் தொடங்குவதற்கு முன், எது எதனால் வருகிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை.

பிரித்துப் பார்ப்பது கடினமாக இருப்பதற்கு நம் உடலே ஒரு காரணம். ஹான்ஸ் செலியே என்ற ஆய்வாளர், கடுங்குளிர், காயம், அளவு மீறிய உழைப்பு, நச்சுப் பொருள் என வெவ்வேறு தொல்லைகளுக்கு உள்ளாக்கப்பட்ட எலிகளின் உடலில் ஒரே விதமான மாற்றங்கள் தோன்றுவதை 1936ஆம் ஆண்டில் எழுதினார். மனித உடலும் பெரும்பாலும் அப்படித்தான் நடந்துகொள்கிறது. மேலாளரின் கடுஞ்சொல்லாக இருந்தாலும் கடன் தவணையாக இருந்தாலும், அட்ரினலின் சுரந்து இதயம் வேகமெடுக்கிறது, கார்டிசோல் என்ற அழுத்த ஹார்மோன் உயர்கிறது, தசைகள் இறுகுகின்றன. உள்ளே உணரும் தவிப்பு ஒரே மாதிரி இருப்பதால் பிரச்சினையும் ஒன்றே என்று தோன்றிவிடுகிறது. ஆனால் அவற்றுக்கான தீர்வுகள் ஒன்றல்ல.

அமைதியான ஒரு நேரத்தில் ஒரு தாளை எடுத்துக்கொண்டு, அழுத்தம் தரும் ஒவ்வொன்றையும் தனித்தனி வரியாக எழுதுங்கள். பொதுச் சொற்களைத் தவிர்ப்பது இதில் மிகவும் முக்கியம். "வேலைப் பளு" என்று எழுதினால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு அறிக்கைகள் தர வேண்டும், இரண்டாவதற்குரிய விவரங்கள் இன்னும் என் கைக்கு வரவில்லை" என்று எழுதினால், அடுத்து யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது அந்த வரியிலேயே தெரிந்துவிடும். மகிழ்ச்சியான மாற்றங்களையும் விட்டுவிடாதீர்கள். 1967ஆம் ஆண்டில் ஹோம்ஸ், ரேஹி ஆகிய மனநல மருத்துவர்கள் இருவரும் வெளியிட்ட, வாழ்க்கை நிகழ்வுகள் தரும் அழுத்தத்தை அளக்கும் அளவுகோலில், துணையின் மரணத்துக்கு 100 புள்ளிகள் தரப்பட்டிருக்கின்றன. திருமணத்துக்கும் 50 புள்ளிகள் உண்டு. புதிய வீடு, பதவி உயர்வு, குழந்தைப் பிறப்பு போன்றவை வந்த காலத்தில் களைப்பாக உணர்ந்தால் நன்றி கெட்டவராகிவிட்டோம் என்று எண்ணத் தேவையில்லை.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு குறிப்பு இடுங்கள்: நானே மாற்றக்கூடியது, இன்னொருவரிடம் பேசினால் மாறக்கூடியது, யாராலும் மாற்ற முடியாதது. லாசரஸ், ஃபோக்மன் ஆகிய உளவியலாளர்கள் 1984ஆம் ஆண்டில் விளக்கிய வேறுபாடு இங்கே கைகொடுக்கிறது: பிரச்சினையைக் கையாள்வது ஒரு வழி, பிரச்சினையால் எழும் உணர்ச்சியைக் கையாள்வது இன்னொரு வழி. மாற்றக்கூடிய ஒன்றுக்கு மனத்தை அமைதிப்படுத்துவதோடு நின்றுவிட்டால், அது தள்ளிப்போடுவதாகிவிடும். மாற்ற முடியாத ஓர் இழப்பையோ, உறவினரின் தீராத நோயையோ எப்படியாவது சரிசெய்துவிட வேண்டும் என்று போராடினால், குற்ற உணர்வுதான் மிஞ்சும். என் கருத்தில், பலருடைய துன்பம் நீள்வதற்குக் காரணம் முயற்சிக் குறைவு அல்ல. வழி இடம் மாறிப்போவதுதான்.

பணியிடத்தைப் பொறுத்தவரை, வேலையின் அளவை மட்டும் பார்ப்பது போதாது. அதிகமான வேலையும் அதைச் செய்யும் முறையில் குறைவான உரிமையும் சேரும் இடத்தில்தான் அழுத்தம் கூடுகிறது என்று 1979ஆம் ஆண்டில் ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் விளக்கினார். வேலையைக் குறைக்கச் சொல்வது எல்லோருக்கும் இயல்வதில்லை. எதை முதலில் முடிப்பது, எந்த நேரத்தில் இடையூறின்றி வேலை செய்வது என்பவற்றில் கொஞ்சம் உரிமை கேட்பது பெரும்பாலும் இயலும். "என்னால் முடியவில்லை" என்று மேலாளரிடம் சொல்வதைவிட, "இந்த வாரம் மூன்று பணிகள் இருக்கின்றன, முதல் இரண்டையும் வியாழனுக்குள் முழுமையாகத் தந்துவிடுகிறேன், மூன்றாவதைத் திங்கள்கிழமைக்குத் தள்ளலாமா, அல்லது வரிசையை மாற்ற வேண்டுமா?" என்று கேட்பது நல்லது. இதில் குறை கூறுவதாக எதுவும் இல்லை. முடிவெடுக்க வேண்டியவரிடம் முடிவு ஒப்படைக்கப்படுகிறது. அவர் சொல்வதை மின்னஞ்சலில் சுருக்கமாக உறுதிசெய்துகொண்டால், பின்னால் வரும் மனக்கசப்பும் குறையும். இவ்வளவுக்குப் பிறகும் எதுவும் மாறாமல், வேலையின் மீது வெறுப்பும் தீராத சோர்வும் மாதக்கணக்கில் தொடர்ந்தால், அதைச் சோம்பல் என்று ஒதுக்கிவிடக் கூடாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு, சரிவரக் கையாளப்படாத பணிச்சூழல் அழுத்தத்தால் வரும் இத்தகைய நிலையை வேலை சார்ந்த ஒன்றாகவே குறிப்பிடுகிறது.

குடும்பத்துக்குள் வரும் அழுத்தம் இன்னும் நுட்பமானது, ஏனெனில் அங்கே கடமைகள் எழுதிவைக்கப்படுவதில்லை. வயதான தந்தையைப் பார்த்துக்கொள்ளும் தங்கை, "அண்ணன் எதுவும் செய்வதில்லை" என்று உள்ளுக்குள் குமைகிறாள். தான் மாதாமாதம் பணம் அனுப்புவதால் தன் பங்கு முடிந்துவிட்டதாக அண்ணன் உண்மையாகவே நம்புகிறான். இருவரும் பேசாதவரை இருவருமே தாங்கள் செய்வது சரி என்றே நினைப்பார்கள். இங்கே "நீ எப்போதுமே இப்படித்தான்" என்று தொடங்கும் பேச்சு சண்டையில்தான் முடியும். "அண்ணா, மாதத்தில் இரண்டு முறை அப்பாவை மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. அதில் ஒரு முறை நீ அழைத்துப் போக முடியுமா? அன்றைக்கு நான் முழுதாக ஓய்வெடுத்துக்கொள்வேன்" என்று ஒரே ஒரு கோரிக்கையை, நாளோடும் காரணத்தோடும் முன்வைத்தால் பதில் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். வேலையைப் பங்கிடும்போது அதை நினைவில் வைத்திருக்கும் பொறுப்பையும் சேர்த்துப் பங்கிட வேண்டும். மருந்து தீரும் நாளை ஒருவர் மட்டுமே நினைவில் வைத்துக்கொண்டிருக்கும் வீட்டில், கடைக்குப் போவது யாராக இருந்தாலும் அந்த ஒருவருக்கு ஓய்வில்லை. கோபம் உச்சத்தில் இருக்கும்போதும், வேலையிலிருந்து வீடு திரும்பிய உடனேயும் இத்தகைய பேச்சைத் தொடங்க வேண்டாம்.

மாற்ற முடியாதவை என்று குறித்தவற்றுக்கு உடலின் வழியாகச் செல்வதே நல்ல வழி. எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற மருத்துவர் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன் உருவாக்கிய தசைத் தளர்வுப் பயிற்சியின் எளிய வடிவத்தை இன்றிரவே செய்து பார்க்கலாம். படுத்துக்கொண்டு, வலக்கை விரல்களை மடக்கி ஐந்து வினாடிகள் இறுக்கிப் பிடியுங்கள். பிறகு சட்டென்று விட்டுவிட்டு, கை கனத்துத் தளர்வதைச் சிறிது நேரம் கவனியுங்கள். இதையே இடக்கை, தோள்கள், நெற்றி, தாடை, வயிறு, கால்கள் என்று வரிசையாகச் செய்யுங்கள். தோளும் தாடையும் பகல் முழுவதும் இறுகியிருந்தது அப்போதுதான் பலருக்குத் தெரியவரும். வலி இருக்கும் பகுதியை மட்டும் இறுக்காமல் விட்டுவிடலாம். மூச்சைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று போதும்: உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்கட்டும்; வெளிமூச்சின்போது இதயத்துடிப்பு இயல்பாகவே சற்றுத் தணிகிறது.

தூக்கம் கெட்டால் இவை எதுவும் நிலைக்காது. படுக்கைக்குப் போகுமுன் ஐந்து நிமிடம் செலவிட்டு, மறுநாள் செய்ய வேண்டியவற்றைத் தாளில் எழுதி வைத்துவிடுங்கள். அன்று முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட, இனிச் செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள் விரைவாக உறங்கியதாக 2018ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. காஃபின் உடலில் பாதியாகக் குறையவே பலருக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆவதால், காபியைப் பிற்பகலோடு நிறுத்திக்கொள்வது நல்லது. உறங்குவதற்காக மது அருந்துவது நடு இரவில் தூக்கத்தைக் கலைத்துவிடும். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் அளவை ஒரே மூச்சில் எட்ட வேண்டியதில்லை. பத்து நிமிட நடையும் கணக்கில் சேரும்.

தூக்கமின்மையோ, எதிலும் நாட்டமின்மையோ, காரணமற்ற அழுகையோ, அடங்காத எரிச்சலோ இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்து அன்றாட வேலைகளைப் பாதித்தால், மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ தயங்காமல் சந்தியுங்கள். நெஞ்சு வலி வந்தால், அதை மன அழுத்தம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளாமல் உடனே அவசர சிகிச்சையை நாடுங்கள். வாழ்வதில் பொருளில்லை என்றோ, உயிரை மாய்த்துக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்தால், அந்த நிமிடமே நம்பிக்கையான ஒருவரை அருகில் அழைத்துக்கொண்டு, தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ மருத்துவமனையையோ தொடர்புகொள்ள வேண்டும். மருத்துவரிடம் போகும்போது, முதலில் எழுதிய தாளையும், எந்த நாளிலிருந்து தூக்கம் கெட்டது, பசி எப்படி இருக்கிறது, என்னென்ன மருந்துகள் உட்கொள்கிறீர்கள் என்ற குறிப்பையும் கொண்டு செல்லுங்கள். பதற்றத்தில் பாதியை மறந்துவிடும் அந்தச் சில நிமிடங்களில், சொல்ல வேண்டியவை அனைத்தும் கையில் இருக்கும்.